இயந்திரம் எப்படிப் பழுதாகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் பராமரிப்பு, இயந்திர நம்பகத்தன்மை, தர இடர் மேலாண்மை ஆகியவற்றைப் பற்றியவை. பணியிடம் சார்ந்த கேள்விகள் என்பதால் வாசகர்களின் பெயர்களை விடுத்து, ஊரையும் பணியையும் மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

எங்கள் தொழிற்சாலையில் ஆண்டுக்கொரு முறை, மே மாதத்தில் பத்து நாள் உற்பத்தியை நிறுத்தி, முக்கிய இயந்திரங்கள் அனைத்தையும் கழற்றி ஓவர்ஹால் செய்கிறோம். ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில்தான் பிரேக்டவுன் அதிகமாக வருகிறது. எங்கள் ஆட்களுக்கு வேலை தெரியவில்லை என்று நிர்வாகம் சொல்கிறது. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓவர்ஹால் செய்வது நல்லதா?
(பராமரிப்பு மேற்பார்வையாளர், ஓசூர்)

வேண்டாம். இப்போது செய்யும் ஓவர்ஹாலிலேயே எதைக் கழற்ற வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது.

உங்களுக்கு நேர்ந்திருப்பது புதிய அனுபவம் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த விமானங்களில் பாதி எப்போதும் பழுதுபார்க்கும் கொட்டகையிலேயே நின்றால் போரை எப்படி நடத்துவது என்ற கவலை எழுந்தது. அங்கே ஆய்வுக்கு அமர்த்தப்பட்டிருந்த உயிரியலாளர் சி. எச். வாடிங்டனும் அவருடன் இருந்தவர்களும் பழுதுக் குறிப்பேடுகளை எடுத்து, ஒவ்வொரு பழுதும் கடைசிச் சோதனைக்குப் பின் எத்தனை மணி நேரம் பறந்தபோது வந்தது என்று வரிசைப்படுத்தினார்கள். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்த கட்டாயச் சோதனையை முடித்து விமானம் வெளியே வந்த உடனேதான் பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பறக்கப் பறக்க அவை குறைந்தன. சோதனை பழுதைத் தடுத்திருந்தால், சோதனைக்குப் பின் பழுது குறைந்து, அடுத்த சோதனை நெருங்கும்போது கூடியிருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறு. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாட்டியதே பல பழுதுகளுக்குக் காரணமாக இருந்தது.

பின்னர் 1978-இல், யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலான், ஹோவர்ட் ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். விமானப் பாகங்கள் வயதாக ஆகப் பழுதாகும் வாய்ப்பு எப்படி மாறுகிறது என்று அவர்கள் ஆராய்ந்தபோது, 100 பாகங்களில் 11 மட்டுமே வயதால் தேய்ந்து ஓயும் தன்மையைக் காட்டின. 68 பாகங்களில் புதிதாகப் பொருத்திய தொடக்க காலத்தில்தான் பழுதாகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அதைத் தாண்டிய பிறகு அது ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. அத்தகைய பாகத்தைக் குறித்த தேதியில் மாற்றுவது என்றால், ஆபத்தான தொடக்க காலத்தைக் கடந்துவிட்ட பாகத்தை எடுத்துவிட்டு, இன்னும் கடக்காத ஒன்றை வைப்பது என்றுதான் பொருள். இந்தப் புரிதல் விமானத் துறையின் நடைமுறையையே மாற்றியது. டிசி-8 விமானத்தின் தொடக்கப் பராமரிப்புத் திட்டத்தில் 339 பாகங்களுக்குக் கால அட்டவணைப்படி ஓவர்ஹால் இருந்தது; டிசி-10 விமானத்தில் அது 7 பாகங்களாகக் குறைந்தது.

இந்த விழுக்காடுகளை அப்படியே உங்கள் தொழிற்சாலைக்கு எடுத்துவர வேண்டாம் என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மணல் கலந்த நீரை இறைக்கும் பம்பின் இம்பெல்லர், வி-பெல்ட், பிரேக் லைனிங், அமிலம் ஓடும் குழாய் போன்றவை உண்மையிலேயே வயதால் தேய்பவை. அவற்றுக்குக் கால அட்டவணை பொருந்தும். மின்னணு அட்டைகள், பெரும்பாலான பேரிங்குகள், ஹைட்ராலிக் வால்வுகள் அப்படிப்பட்டவை அல்ல. எது எந்த வகை என்பதை உங்கள் குறிப்பேடுதான் சொல்ல வேண்டும். கடந்த மூன்று ஆண்டுப் பழுதுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த இடத்தைக் கடைசியாகத் திறந்து எத்தனை நாளாயிற்று என்று எழுதுங்கள். அதை ஒரு வரைபடத்தாளில் புள்ளிகளாக இட்டால், முதல் 60 நாளுக்குள் கூட்டம் கூடுகிறதா, ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கிறதா என்பது தெரிந்துவிடும். முதல் 60 நாளில் கூடுபவற்றில் அலைன்மென்ட் பிசகு, போல்ட் இறுக்கம், ஆயில் சீல் உட்காராதது, தூசி நுழைந்தது போன்ற காரணங்களைப் பிரித்தெடுங்கள். நிர்வாகத்திடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். பத்து நாளில் அத்தனை இயந்திரங்களையும் திறந்து மூடச் சொன்ன திட்டத்தில் உள்ள குறையை ஃபிட்டர்களின் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

எங்கள் நூற்பாலையில் டிராவலர் (நூலை வழிநடத்தும் சிறு வளையம்) மாற்றுவது, காட்ஸ் (மேல் உருளையின் ரப்பர் உறை) பஃபிங் செய்து, அதாவது தேய்த்துச் சமமாக்குவது எல்லாம் அட்டவணைப்படி நடக்கின்றன. ஆனாலும் நூலின் தடிமன் ஏற்ற இறக்கம் எந்தெந்த நீளத்தில் திரும்ப வருகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் வரைபடத்தில் ஓர் உச்சம் திரும்பத் திரும்ப வருகிறது. தரப் பிரிவினர் எங்களைச் சொல்கிறார்கள்; நாங்கள் பஞ்சைச் சொல்கிறோம். யார் சரி?
(பராமரிப்பு ஃபிட்டர், ராஜபாளையம்)

டிராவலரும் காட்ஸும் மேலே சொன்ன தேய்மான வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நீங்கள் அட்டவணை வைத்திருப்பது முற்றிலும் சரி. உச்சத்தைப் பற்றிய சண்டைக்கு விடை அந்த ஸ்பெக்ட்ரோகிராமிலேயே இருக்கிறது. அந்த உச்சம் எந்த நீளத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேமின் முன் உருளை 27 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது என்றால், அதன் சுற்றளவு ஏறக்குறைய 85 மில்லிமீட்டர். உருளை சற்றே வளைந்தோ மையம் விலகியோ இருந்தால், அது ஒவ்வொரு சுற்றிலும் நூலில் ஒரு தடித்த இடத்தையும் ஒரு மெலிந்த இடத்தையும் விட்டுச்செல்லும். எனவே உச்சம் எட்டரை சென்டிமீட்டரில் எழும். மேல் உருளையின் காட்ஸ் 30 மில்லிமீட்டர் என்றால் உச்சம் சுமார் 9.4 சென்டிமீட்டரில் எழும். பஃபிங் செய்யச் செய்ய விட்டம் குறைவதால் அந்த நீளமும் குறைந்துகொண்டே வரும். குறை பின் உருளையில் இருந்தால், அங்கே பதிந்த தடம் டிராஃப்டில், அதாவது இழைகளை இழுத்து மெல்லியதாக்கும் கட்டத்தில், இழுபட்டு நீளும். டிராஃப்ட் 30 மடங்கு என்றால் அதே 27 மில்லிமீட்டர் உருளையின் குறை இரண்டரை மீட்டர் நீளத்தில் தோன்றும். ஆகவே நீளத்தை வைத்துக் குற்றவாளி உருளையைக் கண்டுபிடித்துவிடலாம். ஃபிரேம் முழுவதையும் கழற்ற வேண்டிய தேவையே இல்லை.

ஊசிபோல் ஒற்றையாக எழும் உச்சம் இயந்திரக் குறையைக் காட்டும். பல நீளங்களில் பரவிக் குன்றுபோல் உயர்ந்து நிற்பது இழைகள் டிராஃப்டிங் பகுதியில் கட்டுப்பாடின்றி நழுவுவதைக் காட்டும்; அதற்குப் பஞ்சின் குட்டை இழை, உருளை இடைவெளி, இழைகளைப் பிடித்துச் செல்லும் ஏப்ரன் பட்டையின் நிலை ஆகியவற்றை இரு பிரிவினரும் சேர்ந்து பார்க்க வேண்டும். உங்கள் கேள்வியில் "ஓர் உச்சம்" என்று எழுதியிருப்பதால், இம்முறை தரப் பிரிவினர் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சோதனைக்கூடத்தின் அறிக்கையைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல் வாரந்தோறும் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் ஆலையில் அதைவிடக் கூர்மையான பழுது கண்டறியும் கருவி வேறில்லை.

புளோயர் மோட்டாரில் புது பேரிங் போட்டால் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. இரண்டு பிராண்டு மாற்றிவிட்டோம். வாரந்தோறும் கிரீஸ் நிறைய அடிக்கிறோம். வேறு என்ன செய்வது?
(எலக்ட்ரீஷியன், ஈரோடு)

வாரந்தோறும் நிறைய அடிப்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பேரிங்கில் கிரீஸ் அளவுக்கு மீறி நிறைந்தால், உருளும் குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே இருக்கும். அதனால் சூடு ஏறி, எண்ணெய் பிரிந்து, அதைத் தாங்கி நின்ற சோப்புப் பகுதி மட்டும் கட்டியாக நிற்கும். வழிந்தது மோட்டாரின் காயிலுக்குள்ளும் போகும். மறுமுறை இடவேண்டிய அளவைக் கணக்கிட எளிய வாய்பாடு உண்டு: பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005-ஆல் பெருக்கினால் கிராமில் விடை வரும். 6310 என்ற எண்ணுள்ள பேரிங்குக்கு வெளிவிட்டம் 110, அகலம் 27. எனவே ஒருமுறைக்குச் சுமார் 15 கிராம் போதும். உங்கள் கிரீஸ் கன் ஓர் அழுத்தத்துக்கு எத்தனை கிராம் தருகிறது என்பதைப் பத்து முறை ஒரு தாளில் அடித்து, எடை போட்டு, பத்தால் வகுத்துக் கன்னின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது வேகத்தையும் அளவையும் சூட்டையும் பொறுத்தது. பேரிங் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள். 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரி கூடும்போதும் அந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் விதி.

அடுத்ததாக, எந்தக் கிரீஸ் என்று பாருங்கள். பல மோட்டார்கள் பாலியூரியா கிரீஸுடன் வருகின்றன. ஸ்டோரில் இருப்பதோ லித்தியம் வகை. ஒன்றின்மேல் ஒன்றை அடித்தால் இரண்டும் சேர்ந்து கெட்டியாகவோ தண்ணீராகவோ மாறிவிடக்கூடும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் பேரிங் போகிறது என்றால், கழற்றிய பழைய பேரிங்கைத் தூக்கி எறியாமல் வெட்டிப் பாருங்கள். உள்வளையத்தின் ஓடுபாதையில் சலவைப் பலகையின் வரிகள்போல் குறுக்குக் கோடுகள் சீராக இருந்தால், அது மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்ததன் அடையாளம். புளோயரை விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) வழியாக ஓட்டும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. அதற்கு எந்தக் கிரீஸும் எந்தப் பிராண்டும் மருந்தாகாது. ஷாஃப்டை எர்த் செய்யும் வளையம், காப்பிடப்பட்ட பேரிங், ஷீல்டு உள்ள கேபிள், முறையான எர்த்திங் ஆகியவையே தேவை. கோடுகள் இன்றி, ஓடுபாதையின் ஒரு பக்கம் மட்டும் தோல் உரிந்தாற்போல் பெயர்ந்திருந்தால் அலைன்மென்டையும் பெல்ட் இழுவிசையையும் பாருங்கள். குண்டு பேரிங்கில் பளு இரட்டிப்பானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதால், பெல்ட்டை "இன்னும் கொஞ்சம்" இறுக்குவது சிறிய விஷயமே அன்று. செத்த பேரிங் ஒவ்வொன்றும் தன் மரணத்துக்கான காரணத்தை உடம்பில் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் பழைய இரும்புக் கூடையில் போடுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

ஒரு மின்வழங்கியின் எம்டிபிஎஃப் (இரு பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) 50,000 மணி நேரம் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். அப்படியானால் ஐந்தரை ஆண்டுக்கு மேல் அது பழுதாகாது என்று கொள்ளலாமா?
(பாலிடெக்னிக் மாணவர், மதுரை)

கொள்ளக்கூடாது. அது பல கருவிகளைச் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. பழுதாகும் வீதம் மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 100 மின்வழங்கிகளை ஓடவிட்டு 50,000 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது ஏறக்குறைய 37 மட்டுமே ஒருமுறைகூடப் பழுதாகாமல் நிற்கும். இதற்கு மாறாக, பேரிங் அட்டவணையில் எல்10 ஆயுள் என்று போட்டிருந்தால் அந்த நேரத்தில் 100-இல் 90 தாங்கும் என்று பொருள். இரண்டு எண்களையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடாதீர்கள். தேர்விலும் இந்தக் கேள்வி வரும், வேலையிலும் வரும்.

சிறிய மாத்திரை தயாரிப்பு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். இயந்திரங்களுக்கான இடர் மதிப்பீட்டில் கடுமை (விளையும் கேடு), நிகழ்வு (நேரும் வாய்ப்பு), கண்டறிதல் (கண்ணில் படாமல் தப்பும் வாய்ப்பு) ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டுப் பெருக்குகிறோம். பெருக்கல் 100-க்குக் குறைவாக வந்தால் நடவடிக்கை தேவையில்லை என்பது எங்கள் விதி. ஆய்வுக்கு வந்தவர் இதை ஏற்கவில்லை. தவறு எங்கே?
(தர உறுதிப் பிரிவு அலுவலர், செங்கல்பட்டு மாவட்டம்)

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். மாத்திரையை விழுங்கப்போகிறவர் உங்கள் அட்டவணையைப் பார்க்கப்போவதில்லை.

முதலில் அந்தப் பெருக்கல். கடுமை 9, நிகழ்வு 2, கண்டறிதல் 5 என்றால் 90. கடுமை 3, நிகழ்வு 6, கண்டறிதல் 5 என்றாலும் 90. முன்னது மாத்திரையில் உலோகத் துணுக்கு கலப்பதாக இருக்கலாம். பின்னது அட்டைப்பெட்டியின் ஓரம் மடங்குவதாக இருக்கலாம். உங்கள் விதிப்படி இரண்டும் ஒன்றுதான், இரண்டுக்கும் நடவடிக்கை இல்லை. மதிப்பெண்கள் வரிசையைக் காட்டுபவையே தவிர அளவைக் காட்டுபவை அல்ல. 8 என்பது 4-ஐப்போல் இருமடங்கு கடுமை என்று எங்கும் நிறுவப்படவில்லை. அப்படிப்பட்ட எண்களைப் பெருக்கி வரும் விடைக்கு ஒரு கோடு கிழித்துவிட்டால், நாளடைவில் அந்தக் கோட்டுக்குக் கீழே வரும்படி மதிப்பெண் இடுவதே வழக்கமாகிவிடும். வாகனத் துறையில் அமெரிக்க, ஜெர்மானிய அமைப்புகள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட கையேடு இந்தப் பெருக்கலையே கைவிட்டது. கடுமையை முதலிலும், நிகழ்வை அடுத்தும், கண்டறிதலைக் கடைசியிலும் வைத்து முன்னுரிமை தரும் முறையை அது ஏற்றுக்கொண்டது. மருந்துத் துறையின் தர இடர் மேலாண்மைக்கான பன்னாட்டு வழிகாட்டியான ஐசிஎச் கியூ9 2005-இல் வந்தது; 2023-இல் திருத்தப்பட்டபோது, இடர் மதிப்பீட்டில் தனிமனித விருப்பு வெறுப்பு கலப்பதைக் குறைக்க வேண்டும் என்பதை அது வெளிப்படையாகவே வலியுறுத்தியது. நம் நாட்டில் 2023 டிசம்பர் 28 தேதியிட்ட அறிவிக்கையால் திருத்தப்பட்ட, மருந்து உற்பத்தி நடைமுறைகளுக்கான சட்ட விதித் தொகுப்பான அட்டவணை எம்-மும் தர இடர் மேலாண்மையை உற்பத்தியாளரின் கடமையாக்கியுள்ளது. ஆகவே ஆய்வாளர் கேட்டது சரியான கேள்வியே.

எண்ணை விட்டுவிட்டு ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். தூளைச் சலிக்கும் உங்கள் சிஃப்டரில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலை இருக்கும். அது எப்படிப் பழுதாகும்? இழுவை தளரும், ஓரத்தில் கம்பி அறும், அறுந்த துண்டு தூளில் விழும். விழுந்தால் என்ன ஆகும்? அடுத்துள்ள உலோகம் கண்டறியும் கருவி பிடிக்கலாம்; ஆனால் மெல்லிய எஃகுக் கம்பி எந்தக் கோணத்தில் கருவியைக் கடக்கிறது என்பதைப் பொறுத்துத் தப்பியும் போகலாம். எனவே ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முன்னும் பின்னும் வலையை ஒளியில் பிடித்துப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்கிறோம். இந்த "முன்னும் பின்னும்" என்ற சொல்லில்தான் பராமரிப்பும் தரமும் ஒன்றாகக் கலக்கின்றன. பின்னால் பார்க்கும்போது வலை அறுந்திருந்தால், கடைசியாக நல்ல நிலையில் பார்த்த நேரத்திலிருந்து இந்த நேரம்வரை அதன் வழியே சென்ற அத்தனை தூளும் சந்தேகத்துக்கு உரியது. ஒரு பேட்ச்சுக்கு ஒருமுறை பார்த்தால் ஒரு பேட்ச்சைத் தடுத்து வைப்பீர்கள். வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் ஒரு வார உற்பத்தியைத் தடுத்து வைக்க வேண்டும். அதில் பாதி இந்நேரம் மருந்துக்கடைக்குப் போயிருக்கும்.

எடைத்தராசின் கேலிப்ரேஷனுக்கும் இதே கணக்குத்தான். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கேலிப்ரேஷன் செய்து, இம்முறை தராசு அனுமதித்த வரம்பைத் தாண்டி விலகியிருப்பது தெரிந்தால், அது எந்த நாளில் விலகியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே 12 மாதத்தில் அந்தத் தராசில் எடுத்த ஒவ்வோர் எடையையும் விசாரிக்க வேண்டும். நாள்தோறும் காலையில் தெரிந்த எடைக்கல் ஒன்றை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டால், அந்த 12 மாதம் ஒரு நாளாகச் சுருங்கிவிடுகிறது. சோதனை இடைவெளியைத் தீர்மானிக்கும்போது "இந்தக் கருவி எவ்வளவு நாள் தாங்கும்" என்பதோடு, "தாங்காமல் போனால் எத்தனை பேட்ச்சைத் திரும்ப அழைக்கும் நிலை வரும்" என்பதையும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வி உங்கள் இடர் அட்டவணையில் எந்த நெடுவரிசையிலும் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு நெடுவரிசையை அதற்கு ஒதுக்குங்கள்.

உதிரிபாக மாற்றத்தையும் இதில் சேர்க்க வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஓர் ஆலையில், நீராவியால் கிருமி நீக்கம் செய்யும் குழாயின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தீர்ந்துபோனதால், ஸ்டோரில் அதே அளவில் இருந்த கறுப்புக் கேஸ்கெட்டை நள்ளிரவில் எடுத்துப் போட்டுவிட்டோம். முன்பு இருந்தது இபிடிஎம் ரப்பர், போட்டது நைட்ரைல் ரப்பர். நைட்ரைல் எண்ணெய்க்கு நல்லது, நீராவிக்கு ஆகாது. இபிடிஎம் அதற்கு நேர்மாறு. சில வாரங்களில் அது இறுகி வெடிப்பு விட்டு, கறுப்புத் துகள்கள் வடிகட்டியில் வந்து நின்றன. அளவு ஒன்றாக இருந்ததால், அதை மாற்றம் என்றே நாங்கள் யாரும் நினைக்கவில்லை. எனவே தரப் பிரிவுக்கும் சொல்லவில்லை. போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால், பொருந்துவது எல்லாம் பொருத்தமானதாகிவிடாது என்பதை அதற்குப் பிறகு சேர்ந்த ஒவ்வொரு புதிய ஃபிட்டருக்கும் நானே சொல்லித்தந்தேன்.

எங்களிடம் தீயணைப்புக்கு ஒரு டீசல் பம்ப் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறோம். பயன்படுத்தாத இயந்திரத்தை அடிக்கடி ஓட்டித் தேய்ப்பானேன் என்று கணக்குப் பிரிவு கேட்கிறது.
(பாதுகாப்பு அலுவலர், திருநெல்வேலி)

ஓடும் பம்ப் நின்றால் உடனே தெரியும். ஓடாமல் நிற்கும் பம்ப் செத்துவிட்டால், தீப்பிடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. பேட்டரி இறங்குவது, டீசல் வடிகட்டியில் சேறு அடைப்பது, உறிஞ்சு குழாயில் காற்று புகுவது எல்லாம் சத்தமில்லாமல் நடப்பவை. இப்படி மறைந்து கிடக்கும் பழுதுக்கு ஓர் எளிய தோராயக் கணக்கு உண்டு: சோதனை இடைவெளியை, சராசரிப் பழுதுக் காலத்தின் இருமடங்கால் வகுத்தால், தேவைப்படும் நேரத்தில் அது வேலை செய்யாதிருக்கும் வாய்ப்பு கிடைக்கும். உங்கள் பம்ப் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பழுதாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொரு முறை சோதித்தால் அந்த வாய்ப்பு 20-இல் ஒன்று. மாதந்தோறும் சோதித்தால் 240-இல் ஒன்று. வாரந்தோறும் என்றால் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறையும். வாரத்துக்கு அரை மணி நேர டீசல் செலவை அதற்கு எதிரே எழுதிக் கணக்குப் பிரிவுக்குக் கொடுங்கள். பாதுகாப்பு வால்வு, அழுத்த சுவிட்ச், எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தான், தானியங்கி மாற்று ஜெனரேட்டர் எல்லாம் இதே இனம்தான்.

ஷிஃப்ட் மாறும்போது லாக் புத்தகத்தில் "எல்லாம் சரி" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதைக் கண்டித்தால், "நேரில் சொல்லிவிட்டோமே" என்கிறார்கள். எழுதுவது அவ்வளவு முக்கியமா?
(ஷிஃப்ட் பொறுப்பாளர், ரசாயன ஆலை, தூத்துக்குடி)

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஷிஃப்ட் கூட்டத்தில் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

அங்கே எரிவாயுத் திரவத்தை ஏற்றுவதற்கு ஏ, பி என இரண்டு பம்புகள் இருந்தன. அன்று பகலில் ஏ பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். மாலைக்குள் அதைத் திரும்பப் பொருத்த முடியாததால், திறந்திருந்த குழாய்முனையை ஒரு தகட்டால் மூடிவிட்டு வேலையை மறுநாளைக்கு விட்டார்கள். அந்த வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஷிஃப்டின் கைக்கு வந்து சேரவில்லை. இரவு பத்து மணிக்குச் சற்று முன் பி பம்ப் நின்றுவிட்டது. அதைத் திரும்ப ஓட்ட முடியவில்லை. ஏ பம்புக்கான வேறொரு பராமரிப்பு அனுமதிச் சீட்டு இருந்தது. அந்த வேலை இன்னும் தொடங்கப்படவில்லை. ஆகவே ஏ பம்பை ஓட்டலாம் என்று இரவு ஷிஃப்டினர் முடிவு செய்தார்கள். வால்வு இருந்த இடம் பம்பிலிருந்து தள்ளி, கண்ணுக்கு உடனே தெரியாத உயரத்தில் இருந்தது. பம்பை இயக்கியதும் அந்தத் தகட்டின் வழியே எரிவாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். முந்தைய கேள்விக்கான பதிலோடும் இதற்குத் தொடர்பு உண்டு: நீருக்கடியில் வேலை செய்யும் மூழ்குநர்கள் பம்பின் உறிஞ்சலில் சிக்கிவிடக்கூடாது என்று தீயணைப்புப் பம்புகள் தானாக ஓடாத நிலையில் வைக்கப்பட்டிருந்தன, வெடிப்புக்குப் பின் அவற்றை ஓட்டுவதற்கு யாராலும் அவற்றை நெருங்க முடியவில்லை. நீதிபதி கல்லன் தலைமையிலான விசாரணை 1990-இல் 106 பரிந்துரைகளை அளித்தது. அனுமதிச் சீட்டு முறையும் ஷிஃப்ட் ஒப்படைப்பும் அந்த விசாரணையில் விரிவாக அலசப்பட்டன.

அந்த மேடையில் இருந்தவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்லர், அனுமதிச் சீட்டு முறையும் அங்கே இருந்தது. ஒரே பம்புக்கு இரண்டு சீட்டுகள் இருந்தும் ஒன்று மற்றொன்றைச் சுட்டிக்காட்டவில்லை. எனவே "எல்லாம் சரி" என்று எழுதுவதைத் தடை செய்யுங்கள். அதற்குப் பதிலாக எது கழன்று கிடக்கிறது, எது பைபாஸில் இருக்கிறது, எது பூட்டப்பட்டிருக்கிறது, பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற நான்குக்கும் கட்டாயம் விடை எழுதச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நான்கு இடத்திலும் "இல்லை" என்று கையால் எழுத வேண்டும். வருபவரும் போகிறவரும் சேர்ந்து இயந்திரத்தின் அருகே நடந்து பார்த்து இருவரும் கையெழுத்திட வேண்டும். அதற்கு ஆகும் பதினைந்து நிமிடத்தை ஓவர்டைமாகத் தர நிர்வாகம் தயங்கினால், அதற்காக வாதாடுங்கள்.

பராமரிப்பு மேலாண்மைக்கான மென்பொருள் வாங்கலாமா? 40 இயந்திரங்கள் உள்ளன.
(பம்ப் உற்பத்தியாளர், கோயம்புத்தூர்)

வாங்கலாம், ஆனால் இந்த ஆண்டு வேண்டாம். ஒரு தடித்த நோட்டில் இயந்திரத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு பழுதுக்கும் தேதி, நின்ற நேரம், எந்தப் பாகம், அது எப்படிக் கெட்டது, என்ன செய்யப்பட்டது, அந்த நேரத்தில் வந்த உற்பத்தியில் ஏதேனும் ஒதுக்கப்பட்டதா என்பதை ஃபிட்டரின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். "மோட்டார் பழுது, சரி செய்யப்பட்டது" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். ஓராண்டு அது நின்று நிலைத்தால், மென்பொருளில் எந்தத் தலைப்புகள் வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். விற்க வருபவரிடம் அந்த நோட்டைக் காட்டி, இதை இது செய்யுமா என்று கேளுங்கள்.